மறக்கப்பட்ட குன்றின் குரல் – மூலூத் மம்மேரி

வட ஆப்பிரிக்காவின் தொல்குடி மக்களை உலகம் பெர்பெர் என்னும் பெயரால் அறியும். அது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை அமாசிக் என்றே கூறிக்கொள்வர். உரிமையுடைய மாந்தர் என்பது அச்சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள். எகிப்தின் மேற்கிலுள்ள சீவா பாலைச்சோலையிலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரையிலும், தெற்கே சகாராவைக் கடந்து மாலி, நைஜர் நாடுகள் வரையிலும் அவர்தம் தமாசிக் மொழி பல வட்டார வடிவங்களில் வழங்கி வருகிறது. உரோமர் வந்தனர், அரபியர் வந்தனர், துருக்கியரும் பிரெஞ்சுக்காரரும் வந்தனர். ஆட்சிமொழிகள் மாறிக்கொண்டே இருந்தன. தமாசிக் ஒருபோதும் அரியணை ஏறிய மொழியாகவில்லை. தாயின் மடியிலும், ஊர்மன்றத்திலும், நீர்த்துறையிலும், பாடகனின் நாவிலும் அது உயிர் காத்துக்கொண்டது.

இம்மொழியில் அல்ஜீரியாவின் முதல் முழுநீளத் திரைப்படங்கள் வெளிவந்தது 1990களின் நடுப்பகுதியில்தான். அவற்றுள் முதன்மையாகப் பேசப்படுவது 'மறக்கப்பட்ட குன்று'. அதன் மூலம் ஒரு நாவல். அந்நாவல் வெளிவந்த ஆண்டு 1952. ஒரு மலைச்சிற்றூரின் மக்கள் நாவலிலிருந்து திரைக்கு வந்து தம் சொந்த மொழியில் வாய்திறக்க நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. நாவலை எழுதிய மூலூத் மம்மேரி அதனைக் காண உயிரோடு இல்லை. மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

குன்றூரில் பிறந்தவர்

மம்மேரி 1917ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அல்ஜீரியாவின் கபீலியாப் பகுதியில், ஆத் யென்னி குடியினர் வாழும் தாவ்ரிர்த் மிமூன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாவ்ரிர்த் என்ற சொல்லுக்கே குன்று என்பதுதான் பொருள். ஜுர்ஜுரா மலைத்தொடரின் பனிமூடிய முகடுகள் எதிரே தோன்ற, அத்தி மரங்களும் ஒலிவ மரங்களும் சூழ, மலைமுதுகில் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர். ஆத் யென்னி மக்கள் கைவினையில் தேர்ந்தவர்கள். நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பற்சாயமிட்டுப் பவளம் பதித்த அவர்களுடைய வெள்ளி அணிகலன்கள் இன்றும் பெயர் பெற்றவை. ஆயுதம் வடிப்பதிலும் வல்லவர்கள். துருக்கியர் ஆண்ட காலத்தில் கள்ள நாணயம் வார்ப்பதிலும் அவர்களுக்குப் பெயர் உண்டு என்பது வரலாற்றில் பதிவான செய்தி. அதனை அவ்வூரார் மறைப்பதில்லை.

தந்தையார் சாலெம் ஊர்த்தலைவர். அதனினும் மேலாக, அவர் ஓர் அமுஸ்னவ். இச்சொல்லை விளக்காமல் மம்மேரியை விளங்கிக்கொள்ள இயலாது. கபீலியாவில் எழுத்தறிவு வேறு, தமுஸ்னி என்னும் அறிவு வேறு. தமுஸ்னி என்பது செய்யுளும் பழமொழியும் வழக்காறும் சான்றாண்மையும் ஒன்றாகக் கலந்த வாழ்வறிவு. அது நூலில் இல்லை. ஊர் அவையிலும் சந்தையிலும் சான்றோர் பேசக் கேட்டு, தக்கவன் ஒருவன் தக்கவனிடமிருந்து பெற வேண்டியது. அவ்வறிவை உடையவனே அமுஸ்னவ். இரு குடிகளுக்கிடையே பகை மூண்டால் அவன் சொல்லும் ஒரு செய்யுள் போரைத் தவிர்க்கும். சில வேளை மூட்டவும் செய்யும். அத்தகைய மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவர் சாலெம். மகனோ பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். வாயில் இருந்த அறிவு ஏட்டுக்கு வராவிடில் தந்தையோடு அழிந்துபோகும் என்ற உணர்வு அவர் வாழ்நாள் முழுவதையும் செலுத்தியது எனலாம்.

பதினோராவது வயதில், 1928இல், சிறுவன் மம்மேரி மொராக்கோ நாட்டின் ரபாத் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவருடைய சிற்றப்பா அரச அவையைச் சார்ந்து வாழ்ந்துவந்தார். மலையூரின் மண்சுவர் வீட்டிலிருந்து அரச நகருக்குச் சென்ற அப்பிள்ளைக்கு எல்லாமே வேற்றுலகாகத் தோன்றியிருக்க வேண்டும். நான்காண்டுகளுக்குப் பின் அல்ஜியர்ஸ் நகர் திரும்பி அங்குப் பயின்றார். பின்னர்ப் பாரிசின் லூயி லெ கிராண் பள்ளியில் சேர்ந்தார். கிரேக்கமும் இலத்தீனும் அவருடைய கல்வியாயின. எனினும், இருபத்தோரு வயதில் அவர் முதன்முதலாக அச்சில் எழுதியது கிரேக்கரைப் பற்றி அன்று. பெர்பெர் சமூகத்தைப் பற்றி. ரபாத்தில் வெளிவந்த 'அகெதால்' என்னும் இதழில் அக்கட்டுரைகள் வெளியாயின.

இரண்டாம் உலகப் போர் அவருடைய படிப்பை இருமுறை பறித்தது. 1939இல் படைக்கு அழைக்கப்பட்டு அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். 1942இல் அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதும் மீண்டும் அழைக்கப்பட்டு இத்தாலி, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் போர்க்களங்களைக் கண்டார். போர் முடிந்ததும் ஆசிரியர் தேர்வில் வென்று, 1947இல் தாய்நாடு திரும்பி, மெதேயாவிலும் பின்னர் அல்ஜியர்ஸை அடுத்த பென் அக்னூனிலும் இலக்கிய ஆசிரியராகப் பணியாற்றினார்.

முதல் நாவலும் முதல் கண்டனமும்

1952இல் 'மறக்கப்பட்ட குன்று' பாரிசில் வெளிவந்தது. கதை நிகழும் இடம் தஸ்கா என்னும் கற்பனைச் சிற்றூர். காலம், உலகப் போர் தொடங்கும் வேளை. ஊரின் உயர்ந்ததோர் அறையில் இளையோர் சிலர் கூடிப் பேசிப் பாடிக் களிக்கின்றனர். அவர்களுள் மொக்ரான் என்பவன் ஆஸி என்னும் பெண்ணை மணக்கிறான். ஆண்டுகள் கழிந்தும் குழந்தை இல்லை. குலம் தழைக்க வேண்டும் என்னும் வழக்கத்தின் முன் காதலுக்கு மதிப்பில்லாது போகிறது. பெற்றோர் வற்புறுத்த, ஆஸி பிறந்தகம் திருப்பி அனுப்பப்படுகிறாள். படையில் சேர்ந்த மொக்ரான், அவள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி அறிந்து, அவளை அடையும் வேட்கையோடு பனிக்காலத்தில் மலைக்கணவாயைக் கடக்க முற்பட்டுப் பனிப்புயலில் மடிகிறான்.

இந்நாவலின் வலிமை அதன் நிகழ்ச்சிகளில் இல்லை. அடக்கிப் பேசும் அதன் பண்பில் இருக்கிறது. ஆஸி தன்னைத் தள்ளிவைத்தவர்களை எங்கும் தூற்றுவதில்லை. மக்கட்பேறின்மையைப் பெண்ணின் குற்றமாக்கும் ஊர்வழக்கை ஆசிரியரும் மேடையேறிக் கண்டிப்பதில்லை. படிப்பவர் நெஞ்சில் அக்கண்டனம் தானே எழுகிறது. இருபதாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க நாவல்களில் ஆஸியைப் போல் மௌனத்தால் நிலைத்த பெண் பாத்திரங்கள் சிலவே.

ஆயினும் நாவல் வெளிவந்தவுடன் அதற்குக் கிடைத்தது பாராட்டு மட்டுமன்று. பிரான்சில் பரிசு கிடைத்தது. எகிப்தின் பேரறிஞர் தாஹா ஹுசைன் போற்றினார். அல்ஜீரியத் தேசிய இயக்கத்தைச் சார்ந்த அறிஞர்களோ கடுமையாகத் தாக்கினர். மொஸ்தெபா லாஷ்ராபும் முகமது ஷெரிப் சாஹ்லியும் எழுதிய கண்டனங்கள் பெரிதும் பேசப்பட்டன. நாடு அடிமைப்பட்டுக் கிடக்கையில் ஒரு மலையூரின் காதலையும் கண்ணீரையும் எழுதுவது ஏன் என்பது அவர்கள் வினா. குடியேற்ற ஆதிக்கத்தாரின் இதழ்கள் இதனைப் பெர்பெர் நாவல் என்று கொண்டாடியது ஐயத்தை மேலும் வளர்த்தது. அல்ஜீரிய மக்களை அரபியர், பெர்பெர் எனப் பிரித்து ஆளப் பிரெஞ்சு அரசு முயன்றது உண்மை. ஆகவே அந்த ஐயம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆனால் தன் ஊரைப் பற்றி எழுதியவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான் என்ற முடிவு எவ்வாறு பொருந்தும்? இந்தப் பழி மம்மேரியை வேறு வடிவங்களில் அடுத்த முப்பதாண்டுகளுக்கும் தொடர்ந்தது.

அவர் நாட்டுக்குச் செய்தது என்ன என்பதற்கு விடுதலைப் போர்க்காலமே சான்று. 1955இல் இரண்டாம் நாவலாகிய 'நீதிமானின் உறக்கம்' வெளிவந்தது. 1957இல், அல்ஜியர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படையின் வேட்டை உச்சத்தில் இருந்தபோது, அவர் தப்பி மொராக்கோ சென்றார். ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அல்ஜீரியச் சிக்கலை எடுத்துரைப்பதற்கான அறிக்கைகளைப் புனைபெயரில் எழுதி உதவினார். 1962இல் நாடு விடுதலை பெற்றதும் திரும்பி வந்தார். புதிதாகத் தோன்றிய எழுத்தாளர் சங்கத்தின் முதல் தலைவரானார். கருத்து வேறுபாட்டால் அப்பொறுப்பை விரைவிலேயே துறந்தார்.

திரையில் வேற்றுமொழி

மம்மேரிக்கும் திரைக்கும் உள்ள தொடர்பு 1965இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இயக்குநர் அஹ்மத் ரஷேதி, ஆப்பிரிக்க நாடுகளின் அடிமை வாழ்வையும் விடுதலை எழுச்சியையும் காட்டும் 'இழிந்தோர் விடியல்' என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். அதற்கான உரையை எழுதியவர் மம்மேரி. அதே ஆண்டில் அவருடைய மூன்றாம் நாவல் 'அபினும் தடியும்' வெளிவந்தது. மக்களை மயக்கியும் அடித்தும் ஆளலாம் என்பதே தலைப்பின் குறிப்பு. அல்ஜியர்ஸில் வாழும் மருத்துவர் பஷீர், தன் மலையூராகிய தாலாவுக்குத் திரும்பி விடுதலைப் போரில் கலக்கிறார். உடன்பிறந்தோருள் ஒருவன் போராளி, மற்றொருவன் பிரெஞ்சுக்காரரைச் சார்ந்தவன். இறுதியில் ஊரே தகர்க்கப்படுகிறது.

ரஷேதி 1969இல் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். கபீலியாவின் மலைகளிலேயே படம் எடுக்கப்பட்டது. அல்ஜீரியத் திரையுலகின் பெருவெற்றிகளுள் ஒன்றாக அது விளங்கியது. போராளி அலியாக நடித்த சித் அலி குய்ரத் நாடறிந்த நடிகரானார். ஆனால் ஒன்று மாறியிருந்தது. நாவலில் தாலா ஊரார் பேசுவது எழுத்தில் பிரெஞ்சாக இருந்தாலும், படிப்பவர் காதில் அது கபீல் மொழியாகவே ஒலிக்கும். நாவலாசிரியர் சொற்றொடரை அமைக்கும் முறையிலேயே அந்த ஓசை பொதிந்திருக்கிறது. திரையில் அவ்வூரார் பிரெஞ்சுக்காரரோடு பிரெஞ்சிலும் தமக்குள் அரபியிலும் பேசினர். மலை கபீலியாவின் மலை. வீடு கபீலியாவின் வீடு. ஆடையும் அணியும் அவர்களுடையவை. நாக்கு மட்டும் வேறு.

இதற்கு இயக்குநரைக் குறை கூறிப் பயனில்லை. அன்று திரைப்படத்துறை அரசின் கையில் இருந்தது. புதிய அல்ஜீரியாவின் மொழி அரபி ஒன்றே என்பது ஆட்சியின் கொள்கை. பன்மொழி என்றால் பிளவு என்று ஆட்சியாளர் அஞ்சினர். கபீல் மொழியில் வானொலி ஒலிபரப்பு இருந்தது, பாட்டு இருந்தது, திரைப்படத்திற்கு இடமில்லை. விடுதலைக்காகக் கபீலியா கொடுத்த உயிர்களைத் திரையில் காட்டலாம், அவ்வுயிர்கள் பேசிய மொழியைக் காட்டலாகாது என்ற இம்முரண் கபீலியாவின் பார்வையாளர்களுக்கு எவ்வாறு பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யுள் தேடிய ஆண்டுகள்

இதே காலத்தில் மம்மேரி அமைதியாக வேறொரு பணியில் ஆழ்ந்திருந்தார். 1965 முதல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்பெர் மொழியைக் கற்பித்தார். அதற்கெனத் துறை இல்லை, பட்டம் இல்லை. விரும்பிய மாணவர் வந்தமர்ந்து கேட்டனர். 1970களின் தொடக்கத்தில் அவ்வகுப்பும் நிறுத்தப்பட்டது. 1969 முதல் 1980 வரை அல்ஜியர்ஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் அமைந்த மானிடவியல் ஆய்வு மையத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

1969இல், சி முஹந்த் என்னும் கபீலியாவின் பெருங்கவிஞருடைய பாடல்களைத் திரட்டி மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். சி முஹந்த் பத்தொன்பதாம் நூற்றாண்டினர். 1871இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அவருடைய தந்தை கொல்லப்பட்டார், குடும்பம் சிதறியது. வீடிழந்த கவிஞர் ஊர் ஊராக நடந்தே திரிந்து பாடினார். அவர் பாடிய செய்யுளின் அமைப்பு கவிஞர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. ஒன்பதே அடிகள், மும்மூன்றாக மூன்று கூறுகள், ஒவ்வொரு கூறிலும் முதலிரண்டு அடிகள் ஓர் இயைபும், மூன்றாம் அடி, பாட்டு முழுவதையும் பிணைக்கும் மற்றோர் இயைபும் பெறும். ஒருமுறை பாடியதை அவர் மறுமுறை பாடமாட்டார் என்பர். நீரூற்றின் கரையில் வானவர் ஒருவர் தோன்றி, சொல்லை நான் தர இயைபை நீ தருவாயா, இயைபை நான் தரச் சொல்லை நீ தருவாயா என வினவினார் என்ற கதையும் மக்களிடையே வழங்குகிறது.

இச்செய்யுளுக்கு அஸெப்ரு என்று பெயர். அச்சொல்லின் வேர்ப்பொருளை மம்மேரி விளக்கியது குறிப்பிடத்தக்கது. சிக்கலை அவிழ்த்தல், இருண்டதைத் தெளிவித்தல் என்பன அதன் பொருள். கபீலியரின் பார்வையில் கவிஞன் அழகுபடுத்துபவன் அல்லன், தெளிவிப்பவன். பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் பியேர் பூர்தியேவுடன் 1978இல் வெளியான உரையாடலில் இக்கருத்துகளை அவர் விரிவாக ஆராய்ந்தார். ஊமையாய்க் கிடப்பதாகக் கருதப்பட்ட ஒரு சமூகத்திற்குத் தன்னைப் பற்றிய முழுமையான சிந்தனை இருந்தது என்பதை இரு அறிஞர்களும் சேர்ந்து நிறுவிய உரையாடல் அது.

கபீலியாவோடு அவர் நின்றுவிடவில்லை. சகாராவின் நடுவே திமிமூன் சூழ்ந்த குராரா பாலைச்சோலைகளில் அமாசிக் மொழி பேசும் மக்கள் இரவு முழுவதும் வட்டமாக நின்று அசைந்து பாடும் அஹெல்லில் என்னும் பாடல் மரபை, ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1984இல் நூலாக்கினார். அம்மரபை யுனெஸ்கோ 2005இல் மாந்தகுலத்தின் அருஞ்செல்வமாக அறிவித்தபோது அவர் நூலின் அருமை பலருக்குத் தெரிந்தது. 1976இல், தமாசிக் மொழிக்கு அம்மொழியிலேயே ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார். தம் மாணவருடன் சேர்ந்து புதுச்சொற்கள் ஆக்கினார். அச்சொற்களின் தொகுதி 1980இல் வெளிவந்தது. அவற்றுள் சில செயற்கையானவை என்று குறை கூறுவோர் உண்டு. ஆயினும் இன்று செய்தியும் பாடநூலும் அச்சொற்களின்றி இயங்கா.

நிகழாத சொற்பொழிவு

1980இல் அவருடைய 'பண்டைய கபீல் செய்யுள்கள்' வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் யூசெப் உ காசி முதலிய கவிஞர்களின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. அந்நூலை ஒட்டி, திஸி உஸூ நகரின் பல்கலைக்கழக மாணவர்கள் மார்ச்சு 10ஆம் நாள் அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்தனர். கபீலியச் சமூகத்தில் பழங்கவிதை பெற்ற இடம் என்பதே தலைப்பு. அரசியல் சொல் ஒன்றும் அதில் இல்லை. அவர் நகரை அடையுமுன் வழியிலேயே காவலர் நிறுத்தினர். பொது அமைதிக்கு ஊறு நேரும் என்று காரணம் கூறிச் சொற்பொழிவு தடுக்கப்பட்டது. மாணவர்கள் அரங்கில் காத்திருந்தனர்.

ஒரு பேராசிரியர் செய்யுள் பற்றிப் பேசுவதைத் தடுத்த அந்த ஒரு செயல், ஆட்சியாளர் எண்ணாத விளைவைத் தந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினர். பல்கலைக்கழகத்தைக் கைக்கொண்டனர். அல்ஜியர்ஸிலும் கபீலியா முழுவதிலும் வேலைநிறுத்தம் பரவியது. அரசுச் சார்பு நாளேடு மம்மேரியின் நாட்டுப்பற்றையே ஐயுற்று எழுதியது. 1953இல் கேட்ட அதே பழி! அவர் அனுப்பிய மறுமொழியை அவ்வேடு வெளியிடவில்லை. ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் படையினர் பல்கலைக்கழக வளாகத்தினுள் புகுந்து மாணவர்களைத் தாக்கினர். பலர் காயமுற்றனர்; பலர் சிறை சென்றனர். அமாசிக் மக்கள் அந்நிகழ்ச்சிகளைப் பெர்பெர் வசந்தம் என்று அழைக்கின்றனர். ஏப்ரல் 20 இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது.

மம்மேரி முழக்கமிடும் இயல்பினர் அல்லர். மென்மையாகப் பேசுபவர், கூட்டத்தை விட நூலகத்தை விரும்புபவர். தலைவராகும்படி காலம் கேட்டபோதும் அவர் அறிஞராகவே இருந்தார். 1982இல் பாரிசில் அமாசிக் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1985இல் அம்மையத்தின் சார்பில் 'அவால்' என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். அவால் என்றால் சொல். 1982இல் வெளிவந்த கடைசி நாவலாகிய 'கடப்பு', சகாராவைக் கடந்து செல்லும் ஓர் இதழாளனின் கதை. மனம் கசந்த அவன் நாட்டை விட்டுச் செல்ல எண்ணுகிறான். இறுதியில் இறப்பதோ தஸ்காவில். முதல் நாவலின் குன்றுக்கே கடைசி நாவலும் திரும்பி வருகிறது.

1989 பிப்ரவரியில் மொராக்கோவின் உஜ்தா நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் கலந்துகொண்டு, தம் காரைத் தாமே ஓட்டி அல்ஜியர்ஸ் திரும்பிக்கொண்டிருந்தார். 25ஆம் நாள் இரவு அயின் தெப்லா அருகே விபத்து நேர்ந்தது. அகவை எழுபத்தொன்று. தாவ்ரிர்த் மிமூனில் நடந்த இறுதிச் சடங்கிற்கு மலைப்பாதைகள் கொள்ளாத மக்கள் திரண்டனர். முந்தைய கபீலியத் துறவி ஷேக் முஹந்தின் வாய்மொழிகளைத் தொகுத்து அவர் முடித்து வைத்திருந்த நூல் அவருக்குப் பின் வெளிவந்தது.

ஆஸி பேசினாள்

'மறக்கப்பட்ட குன்று' நாவலைத் திரைக்குக் கொண்டுவர நெடுங்காலம் கனவு கண்டவர் அப்தர்ரஹ்மான் பூகர்மூஹ். 1936இல் கபீலியாவில் பிறந்து பாரிசில் திரைக்கலை பயின்றவர். 1960களின் இறுதியிலிருந்தே இத்திட்டம் அவர் கையில் இருந்தது. கபீல் மொழியில் எடுப்பதற்கு இசைவு கிட்டவில்லை. வேறு மொழியில் எடுக்க அவர் இசையவில்லை. அவர் காத்திருந்த கால் நூற்றாண்டில் பிற படங்கள் செய்தார். நாவலை மட்டும் விடவில்லை. 1988க்குப் பின் ஆட்சியின் பிடி தளர்ந்த பின்னரே வழி பிறந்தது. பணம் போதவில்லை. மக்களின் நன்கொடையும் உதவியும் சேர்ந்து படம் வளர்ந்தது. அந்த ஆண்டுகளோ அல்ஜீரியாவின் குருதி தோய்ந்த ஆண்டுகள். எழுத்தாளரும் இதழாளரும் பாடகரும் தெருவில் கொல்லப்பட்டனர். மம்மேரியோடு நெடிய நேர்காணல் நிகழ்த்தி நூலாக்கிய கவிஞர் தாஹர் ஜாவூத் 1993இல் சுடப்பட்டு மாண்டார். அந்தச் சூழலில் காதலும் பனியும் பாட்டுமாக ஒரு படம் எடுப்பதே ஒரு துணிவு.

1996இல் படம் நிறைவுற்றது. ஷெரிப் கத்தாம் இசையமைத்தார். அதே காலத்தில் பெல்காசெம் ஹஜாஜின் 'மஷாஹோ' 1995இலும், அஸெதீன் மெத்தூரின் 'பாயாவின் மலை' 1997இலும் கபீல் மொழியில் வெளிவந்தன. மெத்தூரின் படப்பிடிப்பில் நேர்ந்த வெடிவிபத்தில் குழுவினர் சிலர் உயிரிழந்தனர். இம்மூன்று படங்களும் சேர்ந்தே அமாசிக் திரைப்படம் என்ற ஒன்றை உலகிற்கு அறிவித்தன. கலைநயத்தில் மெத்தூரின் படமே மேம்பட்டது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை எளிதில் மறுக்க இயலாது. பூகர்மூஹின் படத்தில் நடை தளர்கிறது. பாத்திரங்கள் மிகுந்து சில உறவுகள் தெளியாமல் போகின்றன. ஆயினும் மம்மேரியின் வாழ்வோடு வைத்துப் பார்க்கையில் அப்படத்திற்கு வேறெதற்கும் இல்லாத ஓர் இடம் உண்டு.

நாவலாசிரியர் தம் ஊரார் பேசிய சொற்களை உள்ளத்தில் கேட்டு, அவற்றைப் பிரெஞ்சில் பெயர்த்து எழுதினார். திரைப்படம் எடுத்தவர் அப்பிரெஞ்சிலிருந்து மீண்டும் கபீல் மொழிக்குப் பெயர்க்க வேண்டியிருந்தது. மூலம் எங்கும் எழுதப்படவில்லை. பேச்சு வழக்கையும் முதியோர் சொற்களையும் நாடித்தான் அதனை மீட்க முடிந்தது. நீர்த்துறையில் பெண்கள் பேசுவதும், ஊரவையில் முதியவர் சொல்லை அளந்து எடுப்பதும், திருமணத்தில் பாடுவதும், பிள்ளையில்லாத மருமகளை மாமியார் மறைபொருளாகக் குத்துவதும் திரையரங்கில் ஒலித்தபோது, அவற்றை நாள்தோறும் வீட்டில் கேட்டுவந்த மக்கள் அவற்றைப் பொதுவிடத்தில் பெரிய ஒலியில் முதன்முதலாகக் கேட்டனர். வீட்டுமொழி என்றும் மலைமொழி என்றும் கூசியிருந்த பேச்சு, திரையரங்கின் இருளில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே கேட்கும் பேச்சாயிற்று. படிக்கத் தெரியாத தாய்மார் பலர். மம்மேரியின் நாவலை அவர்களால் ஒருநாளும் படித்திருக்க முடியாது. ஆஸியின் கதையை அவர்கள் திரையில்தான் அறிந்தனர். அதுவும் துணைக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையின்றி.

பூகர்மூஹ் 2013இல் காலமானார். தமாசிக் 2002இல் அல்ஜீரியாவின் தேசிய மொழிகளுள் ஒன்றாகவும், 2016இல் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. மொராக்கோ 2011இலேயே அதனை ஏற்றிருந்தது. மம்மேரி பேச முடியாமல் போன திஸி உஸூப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அந்நகரின் பண்பாட்டு மாளிகையும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1999இல் தொடங்கிய அமாசிக் திரைப்பட விழா, தொடக்கத்தில் ஊர் ஊராக நடந்து, பின்னர் அந்நகரிலேயே நிலைகொண்டது. கபீலியா, ஓரெஸ் மலைநாடு, மொராக்கோ எனப் பல திசைகளிலிருந்தும் படங்கள் வந்தன. விழாவில் சிறந்த படத்திற்கு வழங்கப்படும் பரிசின் பெயர் பொன் ஒலிவம். தாவ்ரிர்த் மிமூனின் சரிவெங்கும் நிற்பது அந்த மரம்தான்.